பிரீசரின் பின்பக்கம்: அன்றும் இன்றும்

1980களிலும் 90களிலும் தூத்துக்குடியில் ஒரு வீட்டு பிரிட்ஜைச் சுவரை விட்டு இழுத்துத் திருப்பினால், அது எப்படி வேலை செய்கிறது என்று கண்ணாலேயே படித்துவிடலாம். முதுகு முழுக்க வளைந்து வளைந்து இறங்கும் கறுப்புக் குழாய், அதுதான் கண்டென்சர். அடியில் கறுப்பு கம்ப்ரஸர், அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு, அதைக் கிளப்பிவிடும் ரிலேயும் பளு மிஞ்சினால் நிறுத்திவிடும் ஓவர்லோடும். ஓரமாக விரல் தடிமனில் ஈரத்தை உறிஞ்சும் செம்பு டிரையர், அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கேப்பிலரி. எது சுடுகிறது, எது சில்லென்று இருக்கிறது என்று கைவைத்துப் பார்த்தே மெக்கானிக் பாதிப் பழுதைச் சொல்லிவிடுவார். இன்று வீட்டுக்கு வரும் ஆளுயர பிரீசரின் முதுகில் வழவழப்பான தகடு மட்டும்தான் இருக்கிறது. கண்டென்சர் பக்கச் சுவருக்குள் போய்விட்டது. கம்ப்ரஸருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஓர் எலக்ட்ரானிக் போர்டு உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே நடக்கும் வேலை என்னவோ அன்றும் இன்றும் ஒன்றுதான். கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய வாயு கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் கேப்பிலரியின் நுண்துளை வழியே நெருக்கியடித்துக்கொண்டு வந்து, உள்ளே எவாப்பரேட்டரில் ஆவியாகும்போது அங்குள்ள மீனின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வித்தையில் எழுபது ஆண்டாகப் பெரிய மாற்றம் இல்லை. பழுது வந்தால் யார் திறந்து பார்க்க முடியும், பார்த்தபின் பொருள் எங்கே கிடைக்கும் என்ற இரண்டு விஷயங்கள்தான் அடியோடு மாறிவிட்டன. வேறு ஊர்களில் இது இரண்டு நாள் எரிச்சலோடு போய்விடும். தூத்துக்குடிக் கடற்கரையில் பல வீடுகளில் பிரீசர் என்பது பிழைப்பு.

மீனைக் காக்க இந்தக் கடற்கரை முதலில் நம்பியது உப்பைத்தான். ஊரைச் சுற்றி உப்பளங்கள், வெயிலுக்கும் பஞ்சமில்லை. நெத்திலியும் சாளையும் வாளையும் கருவாடாயின. சூரையை அவித்து, புகைபோட்டு, கல்லாகக் காயவைத்து மாசி ஆக்கினார்கள். முத்துக்குளிப்புக்கோ குளிர் தேவைப்படவே இல்லை. அங்கே அழுகல்தான் தொழில்முறை. கடலடிப் பார்களிலிருந்து அள்ளிவந்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் அலசித்தான் முத்தெடுத்தார்கள். அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்புகள் இந்தப் பக்கத்தில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயின. அதற்குள் கடலில் இன்னொரு பொருளுக்கு விலை ஏறத் தொடங்கியிருந்தது. 1953இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விசைப்படகும் இறாலும் இந்தக் கரைக்கும் வந்தன. சிப்பி அழுகினால் முத்து, இறால் அழுகினால் நஷ்டம். கடற்கரையின் கணக்கே மாறிப்போனது.

பனிக்கட்டி என்ற பொருள் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி அடுக்கிவைக்கப்பட்டது. ஆனால் அது துரைமார் வீட்டு மேசைக்குப் போன ஐஸ். மீனவருக்கு ஐஸ் கிடைத்தது ஐஸ் கம்பெனிகள் வந்தபிறகுதான். பெரிய தொட்டியில் உப்புக்கரைசல், அதில் வரிசையாக முக்கிவைத்த தகரக் கேன்களில் நல்ல தண்ணீர், கரைசலைக் குளிரவைக்க அமோனியா எந்திரம். உப்புச் சேர்ந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாது என்பதால் கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் கட்டியாகிறது. கருவாட்டுக்குப் பயன்பட்ட அதே உப்பு இங்கே ஐஸுக்கும் உதவியது. உப்புக்கும் குளிருக்கும் இருந்த இந்த நல்லுறவு வீட்டு பிரீசர் வந்தபிறகுதான் கெட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவிலேயே செய்த முதல் பிரிட்ஜை கோத்ரெஜ் 1958இல் கொண்டுவந்தது. கெல்வினேட்டர், ஆல்வின், வோல்டாஸ் என்று நான்கைந்து பெயர்கள்தான் நெடுங்காலம் ஊரில் புழங்கின. வகைகள் குறைவாக இருந்ததால் பாகங்களும் குறைவு. கம்ப்ரஸர் 1/8 குதிரைச்சக்தியா 1/6ஆ என்று சொன்னால் போதும், கடை அண்ணாச்சி ரிலேயை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். தெர்மோஸ்டாட் எந்தக் கம்பெனி பெட்டிக்கும் பொருந்தும், குமிழின் தண்டு நீளத்தை மட்டும் ஒத்துப்பார்த்தால் சரி. கதவு ரப்பர் கிழிந்தால் அளவெடுத்து, காந்தப் பட்டையோடு வெட்டி ஒட்டித் தருவார்கள். கம்ப்ரஸரே எரிந்துபோனாலும் கதை முடிந்துவிடாது. மூடிய இரும்புக் கூட்டை வெட்டித் திறந்து, மோட்டாருக்குப் புதிய காயில் கட்டி, திரும்ப வெல்டு வைத்து ஓடவிடுகிற கைகள் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களிலும் இருந்தன. ஊரில் கிடைக்காத பொருளுக்கு மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டால் பஸ்ஸில் பார்சலாக வந்துசேரும்.

அந்தக் காலத்து மெக்கானிக்கின் அறிவு பெரும்பாலும் விரல்நுனியிலும் காதிலும் இருந்தது. பிளக்கைச் சொருகியதும் ‘டக்’கென்று சத்தம் வந்து, சில நொடியில் மறுபடியும் ‘டக்’கென்று நின்றால் ஓவர்லோடு தள்ளுகிறது. ரிலே போயிருக்கலாம், வோல்டேஜ் போதாமல் இருக்கலாம், கம்ப்ரஸரே சிக்கியிருக்கலாம். மூன்று பின்களுக்கும் இடையே மீட்டர் வைத்து மின்தடையைப் பார்ப்பார். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் காயில் நலம். பிறகு ரிலேயைக் கழற்றிவிட்டு நேரடியாக ஒயர் கொடுத்து ஓடவைப்பார். ஓடினால் ரிலே செலவோடு வீட்டுக்காரருக்கு நிம்மதி. பழுதைத் தேடும் இந்த ஒழுங்கை ஐடிஐயில் குளிர்பதனப் பிரிவு படித்தவர்களும் கற்றார்கள், பள்ளிக்கூடமே போகாமல் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்களும் கற்றார்கள்.

அன்றைக்கு எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அன்றைய பெட்டிகளில் இருந்த ஆர்12 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. ஒவ்வொரு முறை கேஸ் ஏற்றும்போதும் பழையதை அப்படியே காற்றில் திறந்துவிட்டார்கள், யாரும் அதைத் தவறென்று சொல்லித்தரவில்லை. 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு வந்தது, 1992இல் இந்தியா சேர்ந்தது, 2010 பிறப்பதற்குள் அந்த வாயுக்களின் உற்பத்திக்கு இங்கே முடிவு கட்டப்பட்டது. இடையில் ஆர்134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். இன்று வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். உலகத்துக்கு இது நல்ல மாற்றம், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மாற்றத்தின் பாரத்தை யார் தலையில் இறக்கினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆர்600ஏ எரியும் வாயு. குழாய்க்குள் மிச்சம் இருக்கும்போது கேஸ் டார்ச் சுடரால் பற்றவைப்பு செய்யக் கூடாது. ஒரு பெட்டிக்குச் சில பத்து கிராம்தான் பிடிக்கும், ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும். ஆகவே குழாயில் படியும் பனிக்கோட்டைப் பார்த்து அனுமானமாக ஏற்றிய பழைய கைக்கணக்கு உதவாது, துல்லியமான தராசு வேண்டும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இந்த வாயு மைனஸ் 12 டிகிரி அருகே கொதிக்கக்கூடியது. பிரீசர் மைனஸ் 18க்குக் கீழே ஓடும்போது உள்பக்கக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அங்கே ஊசிமுனை ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறுவதற்கு முன்னால் ஊரின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரம் கேப்பிலரி வாயில் உறைந்து அடைக்கும். பெட்டி சில மணி நேரம் குளிரும், பிறகு நிற்கும், அணைத்துவைத்தால் மறுபடி குளிரும். ‘வந்து வந்து போகுது’ என்று மக்கள் சொல்கிற பழுது பலநேரம் இதுதான். டிரையரை மாற்றி, வேக்குவம் பம்ப் வைத்து நீண்டநேரம் உறிஞ்சி எடுத்தால்தான் சரியாகும். பம்ப் வாங்க முடியாத மெக்கானிக் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போவார், ஒரு மாதத்தில் பழுது திரும்பும்.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான். கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் இரும்புக் குழாயில் துரு ஏற்றும். செம்பும் அலுமினியமும் சேரும் மூட்டில் ஈரம் நின்றால் அலுமினியத்தை அரித்துவிடும். முன்பு கண்டென்சர் வெளியே தெரிந்ததால் ஓட்டை எங்கே என்று சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்து, அந்த இடத்தை அடைத்துவிடலாம். இப்போது குழாய் சுவருக்குள் நுரைப்பஞ்சில் புதைந்திருக்கிறது. கதவுச் சட்டத்தைச் சுற்றி வியர்க்காமல் இருக்க ஓடும் சூட்டுக்குழாயும் உள்ளேதான். அங்கே ஓட்டை விழுந்தால் பஞ்சைப் பெயர்க்காமல் தொட முடியாது. பல சர்வீஸ் ஆட்கள் ‘பாடி லீக்’ என்று சொல்லிப் புதுப் பெட்டிக்கு வழிகாட்டிவிடுவார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் தோற்க மனமில்லாமல் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் குழாயைத் துண்டித்துவிட்டு, வெளியே முதுகில் புதிதாக ஒரு கண்டென்சரைப் பொருத்தி இணைப்பது. பார்வைக்கு அழகில்லை, ஆனால் தூக்கி எறிய வேண்டிய பெட்டி இன்னும் பல ஆண்டு மீன் காக்கும். இதை நான் அரைகுறை வேலை என்று சொல்லமாட்டேன், நல்ல வேலை.

போர்டு விஷயம் இன்னும் கடினம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு மூன்று காயிலும் ஒரே அளவு மின்தடை, ரிலே கிடையாது. போர்டு தரும் மின்சாரத்தில்தான் அது சுழலும். பழைய பழக்கத்தில் நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் கம்ப்ரஸர் கெட்டுவிடும். போர்டின் செம்புக் கோடுகளில் உப்பீரம் படிந்து பச்சை பூக்கும், பல்லி புகுந்து ஷார்ட் ஆகும். கம்ப்ரஸர் நலமாக இருக்க, போர்டு செத்ததால் பெட்டி நின்றுபோகும்.

தூத்துக்குடியில் திரேஸ்புரம் போன்ற மீனவர் பகுதியில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதைக் கற்பனை செய்துகொள்ளச் சிரமம் இல்லை.

“அக்கா, கம்ப்ரஸர் நல்லாதான் இருக்கு. போர்டுதான் போச்சு.”

“மாத்திரு தம்பி. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, உள்ள சீலா கிடக்கு.”

“போர்டு கடையில கிடைக்காதுக்கா. கம்பெனிலதான் சொல்லணும். அவங்க இந்த மாடல் நின்னுபோச்சுன்னு சொல்லுதாங்க.”

அந்த அக்காவுக்கு இது ஏன் இடியாக இறங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது 2017இல் 61 நாளாக நீண்டது. மீன் பெருகத் தேவையான தடை அது. அந்த இரண்டு மாதமும் கரையில் மீன் வரத்து சுருங்கும், விலை ஏறும். மீன் விற்கும் வீடுகளில் சீலாவோ இறாலோ கணவாயோ முன்கூட்டி உறையவைக்கப் பிரீசர் வந்தது. படுக்கைவாட்டுப் பெட்டியில் கனத்த குளிர்காற்று அடியிலேயே தங்கும் என்பதால் அதுதான் சிக்கனம். ஆனால் நெருக்கமான தெருவில், ஒற்றை அறை வீட்டில், அதற்கு இடம் ஏது? ஆளுயர பிரீசர் இரண்டடி தரையில் நின்றுவிடும். பதிலுக்கு ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் குளிர் கால்வழியே கொட்டிவிடும். அதனால்தான் இந்த வகையில் கதவும் ரப்பரும் கீலும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடியவை இருக்கின்றன. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. உயரமான கதவு நாளாவட்டத்தில் தன் எடையிலேயே தொங்கிப்போகும், மேல்மூலையில் இடைவெளி விழும். கீல் திருகை இறுக்கி, முன்கால்களைச் சிறிது உயர்த்தினால் கதவு தானே சாய்ந்து மூடிக்கொள்ளும். ரப்பர் நெளிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தி நேராக்கிப் பாருங்கள், பிறகு மாற்றலாம். கண்டென்சர் சூடு எங்கே போகிறதோ அந்தப் பக்கச் சுவர்களை அறைச்சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். கரண்ட் போய் வந்ததும் உடனே போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள், குழாயின் இருபுற அழுத்தமும் சமமாக வேண்டும்.

பனி படிந்திருக்கும் விதம் நிறையச் சொல்லும். எவாப்பரேட்டரில் ஒரு மூலையில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு அல்லது அடைப்பு. முழுக்க ஐஸ் பாறையாக மூடி, விசிறி சிக்கிக் கிடந்தால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பனியை உருக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ உருகியோ போயிருக்கிறது. இவை சின்னப் பாகங்கள். அடியில் ஐஸ் தகடு சேர்ந்தால் வடிகுழாய் அடைப்பு, வெந்நீர் விட்டாலே போதும். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். மீன்வெட்டும் கத்தியால் ஐஸைப் பெயர்க்கப்போய் எவாப்பரேட்டரைத் துளைப்பதால் சாகிற பெட்டிகள் ஏராளம்.

பெட்டி நின்றுபோனால் உள்ளே இருப்பதைக் காக்க முதல் வேலை கதவைத் திறக்காமல் இருப்பது. நிறைந்த பிரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் இந்தப் பாடத்தை ஊரே படித்தது. சூரை, அயிலை போன்ற மீன்கள் சூடேறிவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். அது கொதிக்கவைத்தாலும் போகாது, திரும்ப உறையவைத்தாலும் போகாது. மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுவதே சரி.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. பிரிட்ஜும் பிரீசரும் நீரில் நின்றன, சில மிதந்தன. அவசரப்பட்டு பிளக்கைச் சொருகியவர்கள் மீண்டிருக்கக்கூடிய போர்டையும் இழந்தார்கள். மூழ்கிய பெட்டியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்புகளைக் கழற்றி, நாள்கணக்கில் காயவைத்து, மின்கசிவு அளந்தபிறகே ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கும் கைகொடுக்கக்கூடியவர் தெருமுனை மெக்கானிக்தான். மாவட்டமே நனைந்து கிடக்கும்போது கம்பெனி சர்வீஸ் ஆள் வரிசைப்படி வந்துசேர எத்தனை நாள் ஆகும்?

அந்த மெக்கானிக்கின் கையில் பாகம் இல்லை என்பதுதான் இன்றைய நிலை. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒரே லிட்டர் கொண்ட இரண்டு பெட்டிகளில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து மாறினால் போர்டும் மாறுகிறது. கம்பெனி கடைக்குக் கொடுப்பதில்லை, தன் சர்வீஸ் வழியே மட்டும் தருகிறது. இணையத்தில் தேடினால் படத்தில் ஒன்று, வருவது வேறு. கடைசியில் காயலான் கடைக்கு வந்த பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய போர்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வேறு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் பிரிட்ஜ், பிரீசர் தயாரிப்பாளர்கள் தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு ஆகியவற்றைக் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபிறகும் குறைந்தது 7 ஆண்டு தந்தாக வேண்டும். கதவு ரப்பருக்கு 10 ஆண்டு. கேட்ட 15 வேலைநாளுக்குள் பாகம் கைக்கு வர வேண்டும், தேர்ந்த மெக்கானிக் எவரும் போர்டு கேட்கலாம். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் தொடங்கியது. கையேடு, பாகம், சர்வீஸ் விவரங்கள் அதில் கிடைக்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் இத்தனை ஆண்டு பாகம் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தக் கட்டாயம் சட்டமாக வர வேண்டும். ஐடிஐகளில் வேக்குவம் பம்ப்பும் தராசும் வைத்து, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் மெக்கானிக்குகளுக்குப் புதிய வாயுவையும் இன்வெர்ட்டரையும் மாலை வகுப்பில் கற்பிக்க வேண்டும்.

அதுவரை பிரீசர் வாங்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லிட்டரையும் நட்சத்திரத்தையும் பார்ப்பதோடு நிற்காதீர்கள். வெப்பத்தாங்கு வகையில் ‘டி’ எழுத்து இருக்கிறதா பாருங்கள், 43 டிகிரி வெயில்வரை தாங்கும் வகை அது. போர்டும் ரப்பரும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லின் மேலேயே எழுதி வாங்குங்கள். பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே மாடல் எண், சீரியல் எண், வாயுவின் பெயர் உள்ள தகட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், உப்புக்காற்றில் அந்த எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும். பாகம் தரமாட்டோம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.